பிரசவ வார்டில் சாதி இல்லை என்பவர்களுக்கு

"நாங்கள் இங்கே சாதி பார்ப்பதில்லை." மகப்பேறு மரணங்கள் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காகப் போன மருத்துவமனைகளில் எல்லாம் தவறாமல் கேட்ட வாக்கியம் இது. சொல்பவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், பேச்சு இத்தோடு முடிந்தது என்பதைப் போல. பார்ப்பதில்லை என்றால் இல்லை என்று பொருளா? இரத்தச்சோகையைக் கண்ணால் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிவிடும் மருத்துவர் யாரும் இல்லை. ஹீமோகுளோபின் எடுத்து வா என்பார்கள். சாதிக்கு மட்டும் கண் போதும்.

மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத்தின் முன்னேற்றங்களும் எதிர்காலமும் என்ற தலைப்பில் மாநாடுகள் ஓயாமல் நடக்கின்றன. கருப்பைக்கு ரோபோ அறுவை, ஸ்கேன் படத்தைத் தானே படித்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவு, தாயின் இரத்தத்திலிருந்தே சிசுவின் மரபணுக் கோளாறைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. இவற்றில் எதன்மீதும் எனக்குப் பகையில்லை. வரட்டும். ஆனால் அந்த எதிர்காலத்தில் யார் யார் உயிரோடு இருக்கப்போகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த அரங்குகளில் ஒரு ஸ்லைடுகூட இருப்பதில்லை.

கடந்த பத்தாண்டில் இந்தத் துறையில் நடந்த பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால், ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் சொல்வேன். பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்குதான் உலகெங்கும் தாய்மார்களைக் கொல்லும் முதன்மைக் காரணங்களில் ஒன்று. போன இரத்தத்தின் அளவை மருத்துவர்களும் செவிலியர்களும் காலங்காலமாகக் கண்மதிப்பாகவே சொல்லிவந்தார்கள். 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்தது. அளவுக்கோடு போட்ட ஒரு விரிப்பைப் பெண்ணின் இடுப்புக்குக் கீழே விரித்தார்கள். கோட்டைத் தாண்டினால் உடனே கருப்பையைப் பிடித்துவிடுதல், மருந்துகள், டிரிப்ஸ், பரிசோதனை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, அதனால் மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது 60 விழுக்காடு குறைந்திருந்தது. வழக்கமான முறையில் நடந்த மருத்துவமனைகளில் இரத்தப்போக்குக்கு ஆளான பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். விரிப்பு வந்த இடங்களில் 93 விழுக்காடு. அந்த மருந்துகளில் எதுவும் புதிதல்ல. புதிதாக வந்தது அளவுதான்.

அளந்தால் உயிர் பிழைக்கும் என்று தன் ஆய்வாலேயே நிறுவிய துறை, இந்தியாவில் சாதியை அளக்க மறுக்கிறது.

நாட்டின் மகப்பேறு மரண விகிதத்தை எஸ்.ஆர்.எஸ். எனப்படும் மாதிரிப் பதிவு முறை வெளியிடுகிறது. 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 மரணங்கள், தமிழ்நாட்டில் 54, கேரளாவில் 19. மாநிலவாரியாக இருக்கிறது, வயதுவாரியாக இருக்கிறது. சாதிவாரியாக இல்லை. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு யாருக்கு எத்தனை முறை ஊசி போட்டார்கள் என்பதுவரை சாதிப் பிரிவோடு சொல்கிறது. யார் செத்தார்கள் என்பதில் மட்டும் மௌனம். தலித் பெண்கள் ஆதிக்கச் சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கையில் வந்த எண்ணை நாம் எல்லோரும் மேடையில் சொல்கிறோம். தோழர்களே, அது ஆயுட்காலம் அல்ல. கணக்கெடுப்பில் பதிவான இறப்புகளின் சராசரி வயதில் உள்ள வேறுபாடு. எதிராளி முதலில் அடிப்பது அங்கேதான். ஒற்றை எண்ணை இத்தனை ஆண்டுகளாக நாம் பிடித்துத் தொங்க வேண்டியிருப்பதே, சரியான எண்ணை யாரும் தரவில்லை என்பதற்குச் சாட்சி.

அமெரிக்காவைப் பாருங்கள். நிறவெறியில் ஊறிய நாடுதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணுகிறார்கள். 2021இல் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு வெள்ளைப் பெண்கள் 26.6 பேர் இறந்தபோது கறுப்பினப் பெண்கள் 69.9 பேர் இறந்தார்கள். "அது வறுமை, நிறமல்ல" என்று அங்கேயும் சொல்லிப் பார்த்தார்கள். பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளைப் பெண்களைவிடக் கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள் மகப்பேற்றில் அதிகம் இறக்கிறார்கள் என்று கணக்கு வந்து அந்த வாயை அடைத்தது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. முதல் குழந்தை சிசேரியனில் பிறந்திருந்தால் அடுத்ததைச் சுகப்பிரசவமாகப் பெற எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் ஒரு கணிப்பான் அங்கே பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்தது. வயது, உடல் எடை இவற்றோடு "கறுப்பினத்தவரா?", "ஹிஸ்பானிக்கா?" என்றும் கேட்கும். ஆம் என்றால் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் மீண்டும் கத்தி. வார்டில் நடந்த பாகுபாட்டின் விளைவை உடலின் இயல்பு என்று கணக்கில் எழுதி, அதை அடுத்த பெண்ணின் மேல் ஏற்றினார்கள். ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். 2021இல் இனம் நீக்கிய புதிய கணிப்பான் வந்தது. அங்கே பாகுபாடு ஒரு கட்டமாகக் கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் பிடுங்க முடிந்தது. நாளை நம் அரசு மருத்துவமனைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு வரும்போது அதில் சாதி என்ற கட்டம் இருக்காது. அஞ்சல் குறியீட்டு எண் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்கும், பதிவு செய்யத் தாமதமான நாட்கள் இருக்கும். சாதி அவற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். எதைப் பிடுங்குவீர்கள்?

"சாதி எழுதினால் பாகுபாடு கூடும்" என்பவர்களின் அச்சம் முழுக்கப் பொய்யல்ல. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் யார் சாதியையும் எழுத நான் கேட்கவில்லை. ஆனால் எழுதாததால் வார்டுக்குத் தெரியாமல் போகிறதா? வட மாவட்டம் ஒன்றில் நான் பேட்டி கண்ட ஓர் அக்கா சொன்னார்: "பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க. அப்புறம் ஊருக்குள்ளயா, காலனியான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் 'நீ'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க." ஒரே ஒரு கேள்வி. அதற்கு எந்தப் படிவமும் தேவைப்படவில்லை. வலியில் கத்தியபோது தொடையில் அடி விழுந்ததையும் சொன்னார், ஏதோ எல்லோருக்கும் நடப்பதுபோல. நடக்கிறதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவிலா என்று நமக்கு எண் இல்லை. மரியாதையான மகப்பேறு பராமரிப்பு 2017 முதல் லக்ஷ்யா திட்டத்தின் ஒரு பகுதி. சுவரில் பலகையாகத் தொங்குகிறது.

இந்தத் துறைக்குள் சாதி எப்படி நுழைந்தது என்று கேட்பதே வேடிக்கை. அது நுழையவே இல்லை, அங்கேயே இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்பது அவர்களின் பெயர். இரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்பதால் அந்த வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அதே வேலைக்கு வெள்ளைக் கோட்டும் கட்டணமும் வந்தபோது தீட்டு கழன்றது, கைகளும் மாறின. பிரசவ அறையின் தரையைக் கழுவுவது யார் என்று மட்டும் இன்றும் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவர் ஆனாலும் விடுவதில்லை. பாயல் தாட்வி மும்பையில் இதே மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவத்தில்தான் முதுநிலை படித்துக்கொண்டிருந்தார். தாட்வி பில் பழங்குடிச் சமூகத்தவர், 26 வயது. 2019 மே 22 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். மூத்த மருத்துவர்கள் மூவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்று குடும்பம் புகார் கொடுத்தது, வழக்குப் பதிவானது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். மகள் போன பிறகு ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகாவோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார் பாயலின் தாய் அபேதா. அந்தத் துறையின் மாநாடுகள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது ஏன் அந்தப் பெயரைச் சொல்வதில்லை என்பது என் கேள்வி.

எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் ஏழைப் பெண்களின் கருப்பைகளைத் தேவையில்லாமல் எடுத்துத் தள்ளினார்கள், காப்பீட்டுப் பணத்துக்காகவும் கட்டணத்துக்காகவும். மருத்துவர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பெண்கள் என்பது அதில் பதிவானது. களத்தில் இறங்கிய சிலர் கேட்டு எழுதியதால்தான் அது பதிவானது. இல்லையென்றால் அதுவும் "சில தனியார் மருத்துவமனைகளின் முறைகேடு" என்று முடிந்திருக்கும்.

தமிழ்நாட்டின் சாதனையைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கிளம்ப வேண்டாம். 2019-21 கணக்கெடுப்பில் இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. இது ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் கட்டியது, எனக்கும் பெருமைதான். அதனால்தான் கேட்கிறேன். எல்லோரும் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட மாநிலத்தில், வேறுபாடு இருந்தால் அது வாசலுக்கு உள்ளே இருக்கிறது. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை. நல்ல உடல்நிலையில் இருப்பவர் தாங்கும் இரத்த இழப்பை இவர்கள் தாங்க மாட்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாயும் இரண்டு பிரசவங்களோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது பிரசவம் யார் வீட்டில் நடக்கிறது?

இங்கே தாய் ஒருவர் இறந்தால் தணிக்கை நடக்கிறது, கோப்பு இருக்கிறது. ஆண்டுக்குச் சில நூறு கோப்புகள்தான். கர்ப்பிணிப் பதிவேட்டில் எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று குறிக்க இடமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ரோபோ தேவையில்லை, ஒரு வார வேலை. 2011 மக்கள்தொகையில் தமிழ்நாட்டுப் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. இறந்த தாய்மார்களில் அவர்கள் பங்கும் 20தானா? அதற்குக் குறைவென்றால் என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மகிழ்வேன்.

இதைப் படிக்கும் மருத்துவ மாணவர்கள் தங்கள் துறையின் தணிக்கைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். மற்றவர்களுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, கட்டணம் பத்து ரூபாய். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் மாவட்டத்தில் தணிக்கை செய்யப்பட்ட மகப்பேறு மரணங்கள் எத்தனை, பெயர், முகவரி இல்லாமல், அவர்களில் எஸ்.சி. எத்தனை பேர், எஸ்.டி. எத்தனை பேர், ஒவ்வொருவரும் மருத்துவமனைக்கு வந்த நேரம் எது, மருத்துவர் முதலில் பார்த்த நேரம் எது.