ஊசி எத்தனை டிகிரி? புரை எத்தனை வருஷம்?

விளாத்திகுளம் பக்கம் புதூரில் இருக்கிற என் பெரியம்மாவுக்கு வலது கண்ணில் புரை. கரிசல்காட்டு மனுஷி. மூன்று வருஷமாக, "இன்னும் முத்தலைய்யா... முத்தட்டும். பருத்தி எடுப்பும் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். வாசல்படி தெரியாமல் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்தார்.

உடனே சென்னையிலிருந்து அவர் மகன் போன்: "அண்ணே, லேசர்தான் பண்ணணும். செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க. ஊசி முனை 30 டிகிரியா, 45 டிகிரியானு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருக்கலாம். கேட்பது தப்பில்லை. ஆனால் மூன்று வருஷமாக 'அம்மா, கண்ணைக் காட்டினியா?' என்று கேட்காமல் இருந்துவிட்டு, ஊசியின் டிகிரியைக் கேட்டு என்ன பயன்?

முதலில், நம்மூரில் 'லேசர்' என்று சொல்வது பெரும்பாலும் லேசரே இல்லை. அது பேகோ. அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன் 1967-ல் கொண்டுவந்த முறை. பல் டாக்டரிடம் போயிருந்தபோது, பற்களை அதிர்வால் சுத்தம் செய்யும் கருவியைப் பார்த்து அவருக்கு உதித்த யோசனை! டைட்டானியத்தால் ஆன குழல் ஊசி ஒன்று நொடிக்குச் சுமார் 40,000 தடவை அதிர்ந்து, புரையை உடைத்து உறிஞ்சிவிடும். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போதும்.

அந்த ஊசியின் வாய் எவ்வளவு சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் டிகிரி. சாய்வு குறைந்தால் புரைத் துண்டைச் சட்டென்று கவ்விப் பிடிக்கும். 45 டிகிரி, கெட்டியான புரையை நன்றாகச் செதுக்கும். 30 டிகிரி நடுவாந்திரம். நுனி வளைந்த ஊசியும் உண்டு. அதற்குக் கெல்மன் பெயர்தான். எது வேண்டும் என்பது புரையின் கெட்டியையும் டாக்டரின் கைப்பழக்கத்தையும் பொறுத்தது. வீடு கட்டும்போது கொத்தனாரிடம் கரண்டியின் அளவையா கேட்கிறோம்?

விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. புரை முற்ற முற்றப் பழுப்பாகிக் கல்லாய் இறுகும். அதை உடைக்க அதிக அதிர்வு வேண்டும். கருவிழியின் உட்புறம் ஒற்றை அடுக்காக இருக்கும் செல்கள் அதில் சாகும். செத்தால் மறுபடி வளராது. புரை ரொம்ப முற்றினால் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வையே திரும்பாமல் போவதும் உண்டு. 'முத்தட்டும்' என்பது அந்தக்கால ஆபரேஷனுக்குச் சொன்ன யோசனை. இன்று அது ஆபத்து.

முற்றிவிட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. ஆறேழு மில்லிமீட்டர் கீறல் போட்டு, புரையை முழுசாக வெளியே எடுக்கும் தையலில்லா முறை. கீறல் தானாக மூடிக்கொள்ளும். இதில் லென்ஸின் மேலுறையைத் திறக்க, சாதாரண 26-ம் நம்பர் இன்ஜெக்‌ஷன் ஊசியின் முனையை வளைத்தே உபயோகிக்கிற டாக்டர்கள் பலர். முற்றிய புரைகளில் இந்த முறையையும் பேகோவையும் நேபாளத்தில் ஒப்பிட்டுப் பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டிலும் பார்வை கிட்டத்தட்ட ஒன்றே. தையலில்லா முறையில் நேரமும் செலவும் குறைவு. ஆகவே டாக்டர் 'பேகோ வேண்டாம்' என்றால் அம்மாவை மட்டமாக நடத்துகிறார் என்று முகம் சுளிக்காதீர்கள்.

இந்தக் கரிசல் மண்ணிலேயே உதாரணம் இருக்கிறது. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி லட்சம் பேருக்கு மேல் ஆபரேஷன் செய்தார். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கையை நம்பி வந்தவர்கள் யாரும் ஊசியின் டிகிரி கேட்டிருக்க மாட்டார்கள்!

நீங்கள் கேட்க வேண்டியது, புரை எவ்வளவு கெட்டி, இந்தக் கண்ணுக்கு எந்த முறை, ஏன் என்பதுதான். ஊசி முனை ஒவ்வொருவருக்கும் முறையாகச் சுத்திகரிக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்குத் தையலில்லா முறையில்தான் செய்தார்கள். தம்பிக்குச் சொல்ல டிகிரி எதுவும் கிடைக்கவில்லை. இடது கண்ணிலும் புரை ஆரம்பித்திருக்கிறது. அதற்குத் தேதி வாங்கிவிட்டோம், பருத்தி எடுப்புக்கு முன்னாலேயே.