விலக்கிய நெய்யும் திரும்பி வந்த நெய்யும்

புலனடக்கம் என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் ஒரு துறவியுடையது: ஒட்டிய வயிறு, மூடிய கண்கள், ஆளற்ற காடு. ஆசையைப் பகையாக நிறுத்தி அதை வெல்வதே ஆன்மிகம் என்று போதிக்கும் சொற்பொழிவுகளும் இச்சித்திரத்தையே வலுப்படுத்துகின்றன. பக்தி மரபு இதனினும் நுட்பமான வழியொன்றை வைத்திருக்கிறது என்பதற்குத் திருப்பாவையே போதுமான சான்று என்று கருதுகிறேன்.

30 பாசுரங்கள் கொண்ட அந்நூலின் 2ஆம் பாசுரம் நோன்பின் விதிகளைச் சொல்கிறது. நெய்யும் பாலும் விலக்கு. கண்ணுக்கு மையில்லை, கூந்தலுக்குப் பூவில்லை. நோற்பவர்கள் ஆயர்குலச் சிறுமியர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பாலும் நெய்யும் அவர்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள்கள். கிடைக்காததைத் துறப்பது எளிது. இவர்கள் துறப்பது கையெட்டும் தூரத்தில் இருப்பதை. உணவை விலக்கிய அதே பாசுரத்தில் கோள் சொல்வதையும் ஆண்டாள் விலக்குகிறாள். நாவுக்கு உணவு ஒரு ருசி என்றால் புறம் பேசுவது மற்றொரு ருசி. வயிறு காய்ந்திருக்க வாய் மட்டும் ஓயாத விரதங்களை நாம் அறிவோம். போதாததற்கு, ஈகையும் அங்கே விதியாகிறது.

27ஆம் பாசுரத்தில் விலக்கியவை திரும்பி வருகின்றன. அணிகலன்கள், புத்தாடை, பால்சோறு, அதை மூடி முழங்கைவரை வழியும் நெய். மார்கழி 27ஆம் நாளைக் கூடாரவல்லி என்று கொண்டாடி, வைணவக் கோயில்களில் அக்காரவடிசில் அமுது செய்விப்பது இதையொட்டியே. முன்பு மறுத்த அதே நெய்தான். இப்போதோ அது கண்ணன் உடனிருக்க, தோழியர் அனைவரும் சேர்ந்து உண்ணும் நெய். பண்டம் மாறவில்லை, உண்பவரின் நிலை மாறியிருக்கிறது.

அணிகலன்களும் சோறும் குறியீடுகளே, இவற்றை நேர்ப்பொருளில் கொள்ளலாகாது என்று உரைமரபில் தோய்ந்தோர் மறுக்கக்கூடும். உட்பொருள் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பேரின்பத்தைச் சொல்ல ஆண்டாள் தேர்ந்தது முழங்கையில் வழியும் நெய்யை. புலன்களை இழிவென்று எண்ணும் மனம் அக்காட்சியை நாடியிராது.

அப்படியானால் முதலில் விலக்கியது எதற்காக? பகவத்கீதையின் 2ஆம் அத்தியாயம், 59ஆம் சுலோகம் இதற்கு விடை தருகிறது. உண்ணாதிருப்பவனை விட்டு நுகர்பொருள்கள் அகன்றாலும் அவற்றின் மீதான சுவை அகல்வதில்லை. மேலானதைக் கண்ட பின்னரே அதுவும் அகலும் என்பது அதன் கருத்து. விரதத்தின் எல்லை அங்கே தெளிவாகிறது. பொருளை விலக்குவது நம்மால் ஆகும். சுவையை மாற்றுவது நம்மால் ஆகாது.

ஆண்டாள் இதை அறிந்தவள். இன்னின்ன செய்யமாட்டோம் என்று உறுதி பூண்டு தொடங்கிய குரல், 29ஆம் பாசுரத்தில், எங்கள் பிற ஆசைகளை நீயே மாற்ற வேண்டும் என்று இறைஞ்சுகிறது. சூளுரை வேண்டுதலாகிவிடுகிறது. மனவுறுதி வீண் என்று இதற்குப் பொருளில்லை. விடியற்குளிரில் எழுந்து, தோழியரை எழுப்பி, நந்தகோபன் மாளிகை வாசல்வரை வருவதற்கு அந்த உறுதி வேண்டியிருந்தது. கதவைத் திறப்பது மட்டும் அதன் கையில் இல்லை.

இன்று 27ஆம் பாசுரத்தை மட்டும் பற்றிக்கொண்டு, மார்கழியை அக்காரவடிசிலோடு முடித்துக்கொள்வோர் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்வது எளிது. 2ஆம் பாசுரத்தை மட்டும் பற்றிக்கொண்டு, விட்டவற்றைக் கணக்கு வைத்து, அந்தக் கணக்கினாலேயே அகந்தை வளர்ப்போரும் உண்டு. இவர்களின் இழப்பே பெரிது என்பேன். நெய்யையும் இழந்து, அதன் மீதான ஏக்கத்தை மட்டும் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள்.