காட்டிக்கொடுத்தவர்கள் நீங்களா?

அல் கோபாரில் உழைக்கும் என் பங்கின் அன்பு மக்களே,

2022ஆம் ஆண்டு இலங்கை நொடிந்துபோனதற்கு, உண்டியல் வழியே பணம் அனுப்பிய வளைகுடாத் தொழிலாளரே காரணம் என்ற பேச்சு அண்மையில் மீண்டும் என் காதில் விழுந்தது. (கோயில் உண்டியலை அல்ல, டொலரை அங்கேயே வைத்துக்கொண்டு ரூபாயை இங்கே தரும் உண்டியலைச் சொல்கிறேன்.)

2020இல் ஏறத்தாழ 710 கோடி டொலராயிருந்த உங்கள் அனுப்புபணம், 2022இல் 380 கோடியாகச் சரிந்தது மெய்யே. ஏன் சரிந்தது? 2021 செப்டம்பர் முதல் மத்திய வங்கி டொலரின் விலையை ஏறத்தாழ 203 ரூபாயில் கட்டி வைத்தது. கறுப்புச் சந்தையோ அதனினும் கூடக் கொடுத்தது. நாளை ரூபாய் வீழும் என்று அஞ்சுகிறவர் இன்று டொலரை வங்கியில் ஒப்படைப்பாரா? ஏற்றுமதியாளர் பலரும் தம் வருமானத்தை வெளிநாட்டிலேயே நிறுத்தி வைத்தனர். அவர்களை விட்டுவிட்டு, பிறர் வீட்டில் பாத்திரம் கழுவும் பெண்ணைத் துரோகி என்பது எந்த நீதி?

அந்த அச்சத்தை விதைத்தவர் யார்? 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டியவர்கள். 2021இல் ஆயத்தமேதுமின்றி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அவ்வாண்டு நவம்பரிலேயே பின்வாங்கியவர்கள். அடுத்த கட்டளை எதுவென்று தெரியாமல் உழவர் வயலில் இறங்கத் தயங்கினர், வணிகர் பதுக்கினர். 2022 ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது.

உண்டியலை நான் ஆசீர்வதிக்கவில்லை. மருந்துக்கும் எரிபொருளுக்கும் வேண்டிய டொலரை அது நாட்டுக்கு வராமல் தடுத்தது. ஆயினும், கட்டி வைத்த விலை அவிழ்க்கப்பட்ட பின், 2023இல் வங்கிகள் வழியே வந்தது ஏறத்தாழ 600 கோடி. புதிதாக வேலைக்குப் போனோர் பெருகியதும் ஒரு காரணமே. ஆனால் பிரசங்கம் கேட்டு நீங்கள் மனந்திரும்பியதால் அல்ல. வங்கி சொன்ன விலையை மறுபடியும் நம்ப முடிந்தது.