ஒரு சதுர மீட்டர் பாசி

"கடல் எவ்வளவு பெரிசு! அதுக்குப் போய் என்ன ஆகிடப் போகுது?"

இப்படிக் கேட்காதவர் நம்மில் யார்? குப்பையைக் கொட்டுபவரும் இதையேதான் சொல்கிறார். கழிவுநீர்க் குழாயைத் திருப்பி விடுபவரும் இதையேதான் சொல்கிறார். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை மத்தியதரைக் கடலின் கதை ஒன்று சொல்கிறது. அந்தக் கதை கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. நாளைக்கு ஏதோ ஒரு பணிமனையிலோ மின்நிலையத்திலோ கட்டடப் பணியிலோ நிற்கப் போகும் நமக்கும் அதில் பாடம் இருக்கிறது என்பதே என் கருத்து.

முதலில் மத்தியதரைக் கடலைப் பற்றிக் கொஞ்சம். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா என மூன்று கண்டங்கள் சூழ்ந்த கடல் அது. பரப்பு சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகக் கடல்பரப்பில் இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெருங்கடலோடு அதை இணைக்கும் ஒரே இயற்கை வாசல் ஜிப்ரால்டர் நீரிணை. அதன் மிகக் குறுகலான இடம் சுமார் 14 கிலோமீட்டர்தான். ஆவியாகிப் போகும் நீரை மழையும் ஆறுகளும் சேர்ந்தும் ஈடுகட்டுவதில்லை. மீதியை அட்லாண்டிக் தருகிறது. ஆகவே நீர் முழுவதும் புதுப்பிக்கப்பட நூறாண்டு அளவில் ஆகும். கிட்டத்தட்ட மூடிய தொட்டி மாதிரிதான்! அதில் இன்று போட்டது பேரன் காலத்தில்தான் வெளியே போகும்.

இந்தக் கடலின் அடியில் ஒரு புல்வெளி இருக்கிறது. போசிடோனியா என்பது அதன் பெயர். பாசி இல்லை, வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள உண்மையான தாவரம். இந்த இனம் உலகில் மத்தியதரைக் கடலில் மட்டுமே வளர்கிறது. தெளிந்த நீரில் 40 மீட்டர் ஆழம் வரை இறங்கும். மீன் குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில். மண்ணைப் பிடித்து வைப்பதும் அதுதான். உதிர்ந்த இலைகள் கரையில் மேடாகக் குவிந்து, அலை மணலை அரித்துக்கொண்டு போகாமல் தடுக்கின்றன. இவ்வளவு வேலை செய்யும் அந்தப் புல் பக்கவாட்டில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும். ஒரு நங்கூரம் ஒரு நிமிடத்தில் பிய்த்ததை இயற்கை நிரப்ப ஒரு தலைமுறைகூடப் போதாது. சற்றே சிந்தித்துப் பாருங்கள்!

இனி கதைக்கு வருவோம்.

மொனாக்கோ என்ற குட்டி நாட்டில், கடலுக்கு மேலே செங்குத்துப் பாறையின் மீது ஒரு கடலியல் அருங்காட்சியகம் இருக்கிறது. இளவரசர் முதலாம் ஆல்பர்ட் நிறுவி 1910-ல் திறந்து வைத்த புகழ்பெற்ற இடம். ஜாக் கூஸ்தோ 1957 முதல் 1988 வரை இயக்குநராக இருந்த இடம். அங்கே மீன்தொட்டியில் அழகுக்காகக் காலர்ப்பா டாக்சிஃபோலியா என்ற பச்சைப் பாசியை வைத்திருந்தார்கள். வெப்பக் கடல்களின் பாசி அது. நம் இந்தியப் பெருங்கடலிலும் இயற்கையாக, யாருக்கும் தொல்லை தராமல் வளர்வதுதான். ஆனால் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் விலங்குக் காட்சிசாலைத் தொட்டியில் வளர்ந்து, பிறகு மற்றக் காட்சிசாலைகளுக்குக் கைமாறிய வகை கொஞ்சம் வேறு. அது குளிரையும் தாங்கியது.

1984-ல் அந்த அருங்காட்சியகத்தின் ஜன்னல்களுக்கு நேர் கீழே, கடலுக்குள், இந்தப் பாசி கண்ணில் பட்டது. எவ்வளவு? சுமார் ஒரு சதுர மீட்டர். நாம் வரைபடத் தாள் விரிக்கும் மேசை அளவு! ஒரு முக்குளிப்பவர் ஒரு சாக்குப்பையோடு இறங்கியிருந்தால் ஒரே பகலில் முடிந்திருக்கும் வேலை.

யாரும் இறங்கவில்லை.

1989-ல் நைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாந்தர் மெய்னெஸ் அங்கே மூழ்கிப் பார்த்தபோது அது சுமார் ஒரு ஹெக்டேர். அதாவது ஐந்து ஆண்டில் பத்தாயிரம் மடங்கு. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஆறு மடங்குக்கும் மேல். அவர் எச்சரிக்கை மணி அடித்தார். உடனே என்ன நடந்தது? வேலை நடக்கவில்லை, விவாதம் நடந்தது. "இது எங்கள் தொட்டியிலிருந்து வந்ததல்ல, தானாக வந்தது" என்று ஒரு தரப்பு. "சூயஸ் கால்வாய் வழியாக வந்திருக்கலாம்" என்று ஒரு வாதம். "இங்கே ஏற்கெனவே இருந்த வேறொரு பாசியின் உருமாற்றம்" என்று இன்னொரு வாதம். கடைசியில் 1998-ல் மரபணு ஆய்வு, மத்தியதரைக் கடல் பாசியும் மீன்தொட்டிப் பாசியும் ஒன்றே என்று காட்டியது. நல்லது. ஆனால் பாசி தீர்ப்புக்காகக் காத்திருக்குமா? துண்டாகும் ஒவ்வொரு கிளையிலிருந்தும் புதிதாக முளைக்கும் இனம் அது. நங்கூரத்தில் சிக்கி, வலையில் சிக்கி, படகோடு படகாகப் பயணம் செய்தது. 1990-களிலேயே இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா கரைகளுக்குப் போய்விட்டது. 2000-ல் துனீசியாவிலும் கண்டார்கள்.

"யார் தப்பு?" என்று கேட்பது தேவைதான். ஆனால் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டும்போது முதலில் வால்வை மூடுவானா, குழாய் வாங்கிய ரசீதைத் தேடுவானா ஒரு நல்ல ஃபிட்டர்?

வால்வை மூடியவர்களும் இருக்கிறார்கள். அதே வகைப் பாசி 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கார்ல்ஸ்பாட் அருகே ஒரு உப்பங்கழியில் தென்பட்டது. கண்டவர் ஒரு முக்குளிப்பவர். கடற்புல்லைக் கணக்கெடுக்க இறங்கியவர். மத்தியதரைக் கடலின் அனுபவம் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மூன்று வாரத்துக்குள் வேலையைத் தொடங்கி, பாசித் திட்டுகளைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தை அழுத்திக் கட்டி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் மூழ்கி மூழ்கித் தேடினார்கள். 2006-ல் முற்றிலும் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு சுமார் 70 லட்சம் டாலர்! சிறிதாக இருக்கும்போதே பிடித்ததற்கே இவ்வளவு என்றால், விட்டுவிட்டால் என்ன ஆகும்?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம். "மத்தியதரைக் கடலில் அந்தப் பாசி பிறகு தானாகவே குறைந்துவிட்டதாமே! அப்புறம் எதுக்கு இந்தக் கூச்சல்?" உண்மைதான். 2000-களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கரையில் அது பெருமளவு சுருங்கிவிட்டது. ஏன் என்று ஆய்வாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் 1984-ல் இருந்தவர்களுக்கு இது தெரியுமா? காய்ச்சல் தானாக இறங்கிய ஒருவரைக் காட்டி, ஊரில் மருத்துவமனையே வேண்டாம் என்று சொல்லலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "கொலைகாரப் பாசி" என்று பத்திரிகைகள் பெரிதாக எழுதிய அதே காலத்தில், போசிடோனியாவை நங்கூரங்களும் இழுவலைகளும் கழிவுநீரும் கடலை நிரப்பிக் கட்டிய துறைமுகங்களும் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருந்தன. பிரான்சில் அந்தப் புல்லுக்கு 1988-லேயே சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனால் 24 மீட்டருக்கு மேற்பட்ட படகுகள் அதன் மீது நங்கூரம் போடக்கூடாது என்று பிரெஞ்சு மத்தியதரைக் கரையில் கட்டுப்பாடு வந்தது 2019-ல்! வெளியிலிருந்து வந்த பாசியைத் திட்டுவது சுலபம். சொகுசுப் படகுக்காரரிடம் "இங்கே நிறுத்தாதீங்க" என்று சொல்வதுதான் கஷ்டம். சூழல் பற்றிய பேச்சில் எப்போதும் நாம் சுலபமான எதிரியையே தேர்ந்தெடுக்கிறோம் என்பது என் வருத்தம்.

ஆனாலும் நம்பிக்கை தரும் ஒரு செய்தி உண்டு. ஒரு சதுர மீட்டர் பாசியைக் கண்டும் விட்டுவிட்ட அதே 1984-ல், தென் பிரான்சில் சில ஆய்வாளர்கள் போசிடோனியா புல்வெளியின் ஓரத்தில் வரிசையாகக் கான்கிரீட் கட்டைகளை இறக்கி வைத்தார்கள். அடுத்து வந்து பார்க்கும்போது புல் கட்டையைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா, பின்வாங்கியிருக்கிறதா என்று அளக்கத்தான். செயற்கைக்கோள் வேண்டாம், கணிப்பொறி வேண்டாம். கான்கிரீட் கட்டை, அளவு நாடா, திரும்பத் திரும்ப வந்து பார்க்கும் பொறுமை. சிவில் நண்பர்களே, காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளுங்கள்!

ஆராய்ச்சி என்றாலே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். அந்தக் கட்டையை வார்த்தவர் யார்? தார்ப்பாயை ஓரம் பிரியாமல் கட்டியவர் யார்? நீருக்கடியில் எண்ணிக் குறித்துக்கொண்டு வந்தவர் யார்? கை வேலை தெரிந்தவர்கள்தானே! பேராசிரியர் மெய்னெஸும் முதலில் செய்தது கடலில் இறங்கிப் பார்த்ததுதான்.

பட்டயம் வாங்கி வேலைக்குப் போகும் நம் கண்ணில்தான் முதல் கசிவும் முதல் விரிசலும் முதல் துருவும் படும். மேலதிகாரி கண்ணில் அது படும்போது ஒரு ஹெக்டேர் ஆகியிருக்கும். அன்றைக்கு, "நமக்கேன் வம்பு, நம்ம ஷிஃப்ட் முடிஞ்சா போதும்" என்று கிளம்பிவிடாதீர்கள். பதிவேட்டில் தேதியோடு எழுதுங்கள். சொல்லுங்கள். கேட்கவில்லையா, மறுபடியும் சொல்லுங்கள். முளையிலே கிள்ளாததை முற்றிய பிறகு கோடாலியாலும் வெட்ட முடியாது.

கடல் பெரிசுதான். ஆனால் அது கெடத் தொடங்குவது எப்போதும் ஒரு சதுர மீட்டரில்தான்.

— இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு