மயக்க மருந்தும் இரத்த ஓட்டமும்: ஊசியா, ஆவியா?

அறுவை மேடையில் கிடத்தப்பெற்ற நோயாளி உணர்விழந்து, அவருடைய மூச்சுக் குழலில் குழாய் செலுத்தப்பெறும் வரை கழிவன சில நிமிடங்களே. அதற்குள் இரத்த ஓட்டம் இரு திசைகளில் அலைக்கப்படுகிறது. முதலில் மயக்க மருந்தினால் இரத்த அழுத்தம் இறங்குகிறது. பின்னர், குரல்வளையைக் காட்டும் கருவி நாவின் அடியைத் தூக்க, குழாய் உள்ளே செல்லும்போது பரிவு நரம்புகள் கிளர்ச்சியுறுகின்றன. அழுத்தமும் நாடித் துடிப்பும் ஏறுகின்றன. இவ்வேற்றம் ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் உச்சமடைந்து, 5 முதல் 10 நிமிடங்களுள் தணியும். உடல்நலமுள்ள இளைஞர் இதனைத் தாங்குவர். இதயத் தமனி சுருங்கியவருக்கும் நெடுநாளாக இரத்தக் கொதிப்பு உடையவருக்கும் இது பேரிடராக முடியலாம்.

மயக்கத்தைத் தொடங்கும் வழிகள் இரண்டு. சிரையில் புரோபோஃபால் போன்ற மருந்தைச் செலுத்துவது ஒன்று. செவோஃபுளூரேன் போன்ற ஆவியை உயிர்வளியுடன் கலந்து முகர்விப்பது மற்றொன்று. இவற்றுள் ஊசியே புதுமை, ஆவி பழமை என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. இது பொருந்தாது. செவோஃபுளூரேன் ஜப்பானில் 1990-இல் வழக்கிற்கு வந்தது. ஊசி மருந்தான தயோபென்டாலோ 1934-லேயே கையாளப்பட்டது.

புரோபோஃபால் ஒரு நிமிடத்திற்குள் உறக்கம் தரும். குரல்வளையின் எதிர்வினையையும் நன்கு அடக்கும். ஆயினும் இரத்தக் குழாய்களை விரித்து அழுத்தத்தை விரைந்து தாழ்த்தும். மூச்சையும் பெரும்பாலும் நிறுத்தும். முதியோரிடத்தும் உடலில் நீர் குறைந்தோரிடத்தும் இவ்வீழ்ச்சி மிகுதி. செவோஃபுளூரேனில் வீழ்ச்சி பொதுவாக மெதுவாக நிகழும்; நோயாளி தாமே மூச்சுவிட்டுக் கொண்டிருப்பார். ஆனால் குழாயை ஏற்கும் ஆழத்தை அடைய நேரம் பிடிக்கும். அதற்குமுன் அவசரப்பட்டால் இருமலும் குரல்வளை இறுக்கமும் அழுத்த ஏற்றமும் நேரும். ஆகவே முதல் கட்டத்தில் ஆவிக்கும், இரண்டாம் கட்டத்தில் ஊசிக்கும் சிறப்பு உண்டு எனலாம்.

ஒரே முறையே எல்லார்க்கும் உகந்தது என்று வாதிடுவதன் தீங்கை இந்திய வரலாறே காட்டுகிறது. குளோரோபாரம் பற்றி ஆராய ஹைதராபாத்தில் 1888-லும் 1889-லும் குழுக்கள் அமைந்தன. மூச்சைக் கவனித்தாற் போதும், இதயம் பின்னரே நிற்கும் என்பது அவற்றின் முடிவு. 1911-இல் லெவி என்பார், குறைந்த மயக்கத்தில் அட்ரினலின் பெருகும்போது குளோரோபாரம் இதயத்தையே திடீரென நிறுத்தக்கூடும் என விலங்குகளில் மெய்ப்பித்தார். மயக்கம் ஆழமாகாத நிலையில் உடலைத் தூண்டுதல் ஆபத்து என்னும் பாடம், குளோரோபாரம் மறைந்த பின்னும் மறையவில்லை.

ஆதலின் எம்மருந்து என்னும் வினாவைவிட, யாருக்கு, எவ்வளவு, எவ்வளவு மெதுவாக என்னும் வினாக்களே முதன்மையானவை. அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல், ஃபென்டானில் போன்ற துணை மருந்தை முன்னரே அளித்தல், அழுத்தத்தை நிமிடந்தோறும் அளத்தல், குழாயை விரைவில் செலுத்தி முடித்தல் ஆகியவை மருந்தின் பெயரைக் காட்டிலும் பெரிதும் காக்கும். விலையுயர்ந்த ஆவிக்கருவி வாங்கும் மருத்துவமனை, பயிற்சி பெற்ற மயக்கவியல் மருத்துவரையும் அழுத்தமானியையும் இரண்டாம் இடத்தில் வைப்பது முறையன்று.

இப்பணியில் கிராம நல ஊழியருக்கும் ஆசிரியருக்கும் பங்கு உண்டு. இரத்தக் கொதிப்பு, நெஞ்சுவலி, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை நோயாளி மறைக்கலாகாது. மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதும் தவறு. மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும். குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தினால் கடுங்காய்ச்சலோ மரணமோ நேர்ந்திருப்பின் அதனைக் கட்டாயம் கூறவேண்டும். அத்தகையோர் சிலருக்கு ஆவி மருந்து நஞ்சாகும். மருத்துவர் தேர்ந்தெடுக்கும் மருந்து பொருத்தமாக அமைவது, நோயாளி உரைக்கும் உண்மையைப் பொறுத்தது. அவ்வுண்மையைத் தயக்கமின்றிச் சொல்ல மக்களைப் பழக்குவது கல்வியின் கடமை.