குஞ்சோடு நிற்கும் விரால்

தை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை, வழக்கம்போல எங்கள் ஊர்க் குளக்கட்டிலே உலாவிக்கொண்டிருந்தேன். வான் பாய்ந்து ஓய்ந்திருந்தது. மருத மரத்தடியிலே மோட்டார்ச் சைக்கிளை நிறுத்திவிட்டு இளைஞர் இருவர் தூண்டிலோடு நின்றனர். தூண்டில் என்றால் எங்கள் காலத்து மூங்கிற் கம்பும் முறுக்கு நூலும் அன்று. சக்கரம் பூட்டிய மெல்லிய கம்பு. கண்ணுக்குத் தெரியாத நூல். அதன் நுனியிலே இறப்பராற் செய்த ஒரு பச்சைத் தவளை. உண்மைத் தவளையே ஏமாந்துபோகத் தக்க அழகு!

“ஐயா, இந்தக் குளத்திலை விரால் எந்தப் பக்கம் நிக்கும்? எப்பிடிப் பிடிக்கிறதெண்டு சொல்லித் தருவியளோ?” என்று ஒருவர் பணிவோடு கேட்டார்.

கேட்டவர் கேட்ட முறையினால் நான் இளகிவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியனிடம் யாராவது பாடங் கேட்டால் வேறென்ன நடக்கும்? தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஆனால் ஒன்றை மட்டும் மறைத்தேன். மறைத்தது சரியோ பிழையோ என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டு கிடந்தேன். அந்த எண்ணத்தையே இங்கே எழுதுகிறேன்.

சொன்னவை இவை. விரால் நடுக்குளத்து மீன் அன்று. அலைகரைப் பக்கத்திலே, தாமரை இலையும் புல்லும் அடர்ந்த ஆழமற்ற நீரிலே ஒளிந்திருந்து பாய்கின்ற மீன். ஆகவே குளக்கட்டில் நின்று தூர எறிவதால் ஆவதொன்றில்லை. விடியற்காலையும் பொழுது சாய்கின்ற வேளையுமே அதற்குப் பசிக்கும் நேரங்கள். அது செவுளினால் மட்டும் உயிர்வாழும் மீன் அன்று. இடையிடையே மேலே வந்து காற்றை உறிஞ்சிச் செல்லும். அப்போது இலைகளுக்கிடையே ஒரு சிறு சத்தமும் வட்ட அலையும் எழும். அவ்விடத்தைக் கண்ணால் அடையாளம் செய்துகொண்டு, நிழல் நீரில் விழாமலும் கால் அதிராமலும் அணுகவேண்டும். தவளையைக் கவ்வியதும் வெட்டி இழுத்தலாகாது. அது வாய்க்குள்ளே இரையைத் திருப்பிக்கொள்ளச் சற்றே விடவேண்டும். அவசரக்காரனுக்கு விரால் அகப்படுவதில்லை.

சுங்கானைப் பற்றியும் சொன்னேன். முதல் மாரி வெள்ளம் கலங்கி வரும் இரவுகளே அதற்குரியவை, இரை மண்புழு, தூண்டில் அடிநிலத்தில் கிடக்கவேண்டும். பிடித்தபின் கழற்றுவதிலேதான் சாமர்த்தியம் இருக்கிறது. செட்டைமுள் குத்தினால் இரவு முழுவதும் கையை உதறிக்கொண்டிருக்க நேரும். திலாப்பியாவுக்குச் சிறிய கொக்கி போதும். வாயும் சிறிது, மனமும் சிறிது. பாணுருண்டைக்கே வந்துவிடும். இதைச் சொன்னபோது இளைஞர் இருவரும் சிரித்தனர். திலாப்பியாவைத் தூண்டிலிட்டுப் பிடிப்பது அவர்களுக்குக் கௌரவக் குறைவாம்.

நான் சொல்லாமல் விட்டது எது? விராலைப் பிடிப்பதற்குள்ள எல்லா வழிகளிலும் மிக எளிதான வழி அது. என் தாய்மாமனாராகிய அம்மானிடம் சிறுவயதிலே கற்றேன்.

மாரி காலத்திலே விரால் குஞ்சு பொரித்தபின், செம்மஞ்சள் நிறமான அக்குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றுதிரண்டு, நீரின்மேலே குங்குமத்தைத் தூவிவிட்டாற்போல அசைந்து திரியும். அந்தச் செந்திரளுக்குச் சற்றுக் கீழே தாயோ தந்தையோ, பெரும்பாலும் இரண்டுமோ, காவல் நிற்கும். அத்திரளின் நடுவே எதை எறிந்தாலும் விரால் பாயும். பசியினாற் பாய்வதன்று, தன் குஞ்சுகளை அணுகிய பகையை ஒழிக்கப் பாய்வது. தவளை வேண்டா, ஒரு துண்டுத் துணியே போதும். பத்து வயதுச் சிறுவனும் பிடித்துவிடலாம். நானும் பிடித்தேன். கையளவு நீளத்தை எதிர்பார்த்தவனுக்கு முழங்கையளவு மீன் அகப்பட்ட மகிழ்ச்சியில், அம்மானிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அம்மான் மீனைப் பார்க்கவில்லை. என்னை அழைத்துக்கொண்டு குளத்தடிக்குத் திரும்பினார். “பார் தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. செந்திரள் குலைந்துபோயிருந்தது. சிறு கெண்டைகளும் உழுவையும் கீழேயிருந்து வந்து கொத்திக்கொண்டிருந்தன. மேலே ஒரு மீன்கொத்தி காத்திருந்தது. சிறிது நேரத்துள் நீரின்மேலே செம்மை என்பது இல்லாமற் போயிற்று. வழியைக் கற்பித்தவரும் அவரே. அதைக் கைவிடச் செய்தவரும் அவரே. அன்று வீட்டில் சமைத்த மீனை நான் உண்டேனா என்று கேட்பீர்கள். உண்டேன். நன்றாகவே இருந்தது. ஆனால் மறுபடி அவ்வாறு பிடித்ததில்லை.

இக்காலத்து இளைஞர் சிலர், “நாங்கள் கொல்வதில்லை ஐயா, பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவோம்” என்கிறார்கள். நல்ல பழக்கமே. ஆயின் குஞ்சோடு நிற்கும் விராலைப் பொறுத்தவரை அதனாற் பயன் சிறிது. தாய் கரையில் இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் திரள் சிதறிவிடும். அது திரும்பிப் போகும்போது காப்பதற்கு அங்கே என்ன இருக்கும்?

இனி, விரால் குறைந்ததற்குத் திலாப்பியாவே காரணம் என்று எங்கும் பேசப்படுகின்ற கதைக்கு வருகிறேன். இக்கதையை நான் நம்புவதில்லை. கிழக்கு ஆபிரிக்காவுக்குரிய அந்த மீன் 1952ஆம் ஆண்டிலே இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதை ‘யப்பான் மீன்’ என்று அழைத்தோரும் உண்டு. யப்பானுக்கும் அதற்கும் என்ன உறவோ, பெயரிட்டவர்க்கே வெளிச்சம். அதன் பின்னர் 1975இல் நைல் நதித் திலாப்பியா வந்தது. இரண்டும் நம் குளங்களிலே கலந்து கலப்பினமும் தோன்றிவிட்டது. இன்று பெருங்குளத்து வலைகளில் ஏறுகின்ற மீனிலே பெரும்பகுதி இவ்வினமே.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது நன்றிகேடு. ஆற்றோரத்து வில்லுகளை விட்டால் இலங்கையிலே இயற்கை ஏரி என்று சொல்லத்தக்கது இல்லை. பெருங்குளங்கள் யாவும் மனிதர் கட்டியவை. நம் சொந்த மீன்களோ ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை. நடுக்குளத்து அகன்ற நீரிலே வாழ்ந்து, பாசியையும் அழுக்கையும் தின்று பெருகத்தக்க மீன் நம்மிடம் அரிதாகவே இருந்தது. வெறுமையாய்க் கிடந்த அந்த இடத்தைத் திலாப்பியா நிரப்பிற்று. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளே வைத்துக் காக்கின்ற தாய்மீன் அது. பெருகாமல் என்ன செய்யும்? கடலுக்குத் தூரமான ஊர்களில் ஏழைகளின் சட்டியிலே மீன் மணத்ததென்றால் அது பெரும்பாலும் அதனாலேதான். நான் சிறுவனாயிருந்தபோதே திலாப்பியா எங்கள் குளத்தில் இருந்தது. விராலும் இருந்தது, ஆரலும் இருந்தது, சுங்கானும் இருந்தது. பல ஆண்டுகள் ஒரே நீரில் இருந்தவற்றுள் ஒன்று இன்று குறைந்தால், புதிதாக வந்த காரணத்தையன்றோ தேடவேண்டும்?

காரணங்கள் தேடாமலே தெரிகின்றன. வலையின் கண்ணை இழுத்துப் பிடித்தால் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது என்பது குளத்து மீன்பிடிக்கு வகுக்கப்பட்ட விதி. நீரைத் தடியால் அடித்து மீனை வலைக்குள் கலைப்பதும் விலக்கப்பட்டதே. விதி இருக்கிறது; வலையும் இருக்கிறது; இரண்டும் சந்திப்பதில்லை. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற கருத்தின்பேரில் 1990இல் நன்னீர் மீன்பிடிக்கு அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. 1994இல் மீண்டும் தொடங்கியது. அந்த நான்கு ஆண்டுகளில் கொலை குறைந்ததோ இல்லையோ, கேட்பாரில்லாத குளத்தில் சிறுகண் வலை செழித்தது. இவற்றோடு, வயலுக்கு அடிக்கின்ற நஞ்சு கழிவு வாய்க்காலிலே இறங்குகிறது. வயலும் வாய்க்காலுமே விராலின் தொட்டில். திலாப்பியா நடுக்குளத்திலே தப்பிவிடும். விரால் எங்கே போகும்?

வேறொரு தீங்கும் உண்டு. வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலே பாசியைத் துப்புரவாக்கும் என்று விற்கப்படுகின்ற, கவசம் பூண்ட தென்னமெரிக்கக் கெளிறு வளர்ந்து பெருத்ததும் அதைக் கொல்ல மனமில்லாதோர் வாய்க்காலில் விட்டுவிடுகின்றனர். புண்ணியம் செய்ததாக நினைவு. அது கரையைத் துளைக்கும், வலையைக் கிழிக்கும், சந்தையில் விலைபோகாது. கொழும்புப் பக்கத்துப் பொல்கொட நீரிலே கத்தி மீன் பரவியதும் இவ்வகைக் கருணையினாலேதான். இப்படிப்பட்ட புண்ணியத்திலும் பார்க்கப் பாவமே மேல்.

ஆனால் எங்கள் பக்கத்துச் சிறுகுளங்களிலே விராலுக்கு வந்த பெருங்கேடு வேறு. உலர் வலயத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறுகுளங்கள் இருக்கின்றன. பல ஆவணி, புரட்டாதியில் வற்றிவிடும். மாரியில் நீர் நிறைந்ததும் ரோகு, கட்லா முதலிய குஞ்சுகளை விட்டு, வற்றும்போது அள்ளுகின்ற முறை இப்போது பல இடங்களிலே நடைபெறுகிறது. கமக்காரருக்கு நாலு காசு வருகிறது. அதை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் விலைகொடுத்து விட்ட குஞ்சுகளை விரால் தின்னுகிறது என்பதால், குளத்துக்குரிய மீன் இன்று குளத்துக்குக் கள்வனாகிவிட்டது. ஆகவே வற்றுங் காலத்தில் கடைசிச் சேறுவரை கிண்டி ஒழித்துவிடுகிறார்கள்.

முன்னும் வற்றிய குளத்தில் ஊர்கூடி மீன்பிடித்தோம். கரப்பும் அத்தாங்கும் கொண்டு சிறுவர் முதற் கிழவர்வரை இறங்கிச் சேறாடிய நாட்களை மறக்க முடியுமா? ஆனால் துருசுக்கு உள்ளே, குளத்தின் அடியிலே ஒரு மடு இருந்தது. அதன் நீர் துருசினால் இறங்காது. கையால் இறைத்து முடிக்கவும் இயலாது. எங்கள் தருமத்தினாலன்று, எங்கள் இயலாமையினாலேயே அந்த மடுவில் மீன் மிஞ்சியது. அடுத்த மாரியில் அந்த மிச்சமே பெருகிக் குளமெங்கும் பரவிற்று. 2010இல் நாங்கள் மீளக் குடியேறியபின், வீட்டுக்கு வீடு நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. மடுவை ஒரு பகலில் உறிஞ்சிவிடலாம், உறிஞ்சுகிறார்கள். இயலாமை போய்விட்டது, அதன் இடத்திலே வேறொன்றையும் நாம் வைக்கவில்லை.

ஆகையால் என் வேண்டுகோள் இதுவே. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, துருசை எந்நாளில் திறப்பது என்று முடிவு செய்கின்ற அதே பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே, மடுவில் எவ்வளவு நீரை ஒருவரும் தொடாமல் விடுவது என்பதையும் முடிவு செய்து குறிப்பேட்டில் எழுதவேண்டும். முழங்காலளவு ஆழம் போதும். விரால் காற்றை உறிஞ்சி உயிர்பிழைக்கும் மீன். குஞ்சு விடுகின்ற சங்கத்துக்கு இதனால் சிறிது நட்டம் வரலாம். அந்த நட்டத்தை ஊர் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. குளத்தைக் கட்டியவன் நெல்லுக்காகவே கட்டினான் என்பது உண்மை. ஆனால் நெல்லை மட்டும் உண்டு அவன் வாழவில்லை.

சென்ற கூட்டத்திலே எழுந்து இதைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், “ஐயா, அப்ப விராலையும் சங்கத்திலை அங்கத்தவராச் சேர்ப்பமோ? சந்தாவை ஆர் கட்டுறது?” என்று கேட்டார். மண்டபம் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்தபின், செயலாளர் தம் தாளின் ஓரத்திலே ‘மடு - ஐயா’ என்று எழுதிக்கொண்டார். தீர்மானமாக எழுதவில்லை, ஓரத்தில்தான். அடுத்த கூட்டம் சித்திரை கழிந்தபின் நடைபெறும். முன்வரிசையிலே இடம்பிடிக்க எண்ணியிருக்கிறேன்.

அந்த இளைஞர் இருவரும் இதற்கிடையில் மறுபடி வந்தனர். “ஐயா, அந்தப் பக்கம் தண்ணிக்கு மேலை சிவப்பாக் கிடக்குது, அது என்ன?” என்று கேட்டார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு அலைகரைக்குப் போனேன். தூண்டிலை மரத்தடியிலே வைத்துவிட்டு வரச் சொன்னேன். வைத்துவிட்டு வந்தார்கள்.