நோட்டுப் புத்தகத்தில் இருந்த பாதி

யுத்த நிருபர் என்றால் எதிரியின் அக்கிரமத்தை எழுத வேண்டும், நம் பக்கத்து அழுக்கைப் பற்றி மூச்சு விடக்கூடாது, அதுதான் தேசபக்தி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களே சொல்கிறார்கள். அவர்களுக்கு ருஷ்ய எழுத்தாளர் வாஸிலி கிராஸ்மனின் கதையைச் சொல்ல வேண்டும்.

1941-ல் ஹிட்லரின் படை ருஷ்யாவுக்குள் புகுந்தபோது கிராஸ்மன் பெயர் பெற்ற நாவலாசிரியர். கண்ணாடி போட்ட, பருத்த மனிதர். செஞ்சேனையின் பத்திரிகைக்கு நிருபராகப் போர்முனைக்குப் போனார். ஸ்டாலின்கிராடிலிருந்து அவர் எழுதியதைச் சிப்பாய்கள் ஆவலோடு படித்தார்கள். அவர் பிறந்த ஊரான பெர்டிச்சேவில் நாஜிகள் கொன்று குவித்த யூதர்களில் அவருடைய தாயாரும் ஒருத்தி. 1944-ல் ட்ரெப்ளிங்கா கொலைக்களத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை எந்த மனிதனும் பதறாமல் படிக்க முடியாது.

சர்க்கார் சபாஷ் போட்டது. ஏன் போடாது? குற்றவாளி எதிரியல்லவா!

ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகங்களில் வேறு விஷயங்களும் இருந்தன. ஓடிப் போன சிப்பாயைச் சொந்தப் படையே சுட்டது. 1945-ல் ஜெர்மனிக்குள் நுழைந்த செஞ்சேனைக்காரர்கள் பெண்களைக் கெடுத்தது. இவற்றை எந்தப் பத்திரிகையும் அன்று அச்சிடவில்லை.

யுத்த காலத்தில் எல்லாவற்றையும் வெளியிட முடியுமா என்று கேட்பார்கள். பீரங்கி எங்கே நிற்கிறது என்பதை மறைக்கட்டும், நியாயந்தான். ஒரு பெண்ணின் மானம் பறிபோனது எப்படி ராணுவ ரகசியமாகும்?

யுத்தம் முடிந்த பிறகாவது உண்மைக்கு விடுதலை கிடைத்ததா? ஸ்டாலின்கிராடை மையமாக வைத்து 'வாழ்வும் விதியும்' என்ற பெரிய நாவலை அவர் 1960-ல் முடித்தார். நாஜி ஆட்சியையும் ஸ்டாலின் ஆட்சியையும் அதில் எதிரெதிரே நிறுத்திப் பார்த்தார். 1961-ல் ரகசியப் போலீஸார் வீடு தேடி வந்தார்கள். ஆசிரியரை விட்டுவிட்டு, கையெழுத்துப் பிரதியையும் டைப்ரைட்டர் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு போனார்கள்! 1964-ல், அதை அச்சில் பார்க்காமலே அவர் இறந்தார். நண்பர்கள் ஒளித்து வைத்திருந்த பிரதியிலிருந்து 1980-ல் ஸ்விட்ஸர்லாந்தில் நாவல் வெளிவந்தது. சொந்த நாட்டில் வர 1988 ஆயிற்று.

ட்ரெப்ளிங்காவைப் பார்த்த அதே கண்தான் சொந்த நாட்டையும் பார்த்தது. முதலில் பார்த்ததற்குப் பாராட்டு, பிறகு பார்த்ததற்குப் பறிமுதல் என்றால், அந்தப் பாராட்டு உண்மைக்குக் கிடைத்ததல்ல, உபயோகத்துக்குக் கிடைத்தது.

காலையில் காப்பியோடு யுத்தச் செய்தி படிக்கும் நண்பர்களே, நம் பக்கம் முழுக்க வீரமும் எதிர்ப் பக்கம் முழுக்கக் கொடுமையுமாக ஒரு செய்தி வந்தால், அந்த நிருபரின் நோட்டுப் புத்தகத்தில் இன்னும் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.